கைதான பிறகு 24 மணி நேரம்: அரசமைப்பின் 22-வது பிரிவு யாருக்கு, எப்படிப் பயன்படும்?

"சும்மா விசாரணைக்குத்தான், சாயங்காலம் அனுப்பிடுவோம்" என்று சொல்லி ஒருவரை வீட்டிலிருந்து காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மறுநாள் மாலைதான் 'கைது' என்று பதிவாகிறது. இடையில் கழிந்த நேரம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வீட்டில் உள்ளவர்களும் மணியைக் குறித்து வைக்காததால் பிறகு அதை நிரூபிப்பது மிகவும் கடினம்.

அந்த நேரத்துக்குக் கணக்குக் கேட்பதுதான் அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும். விரும்பிய வழக்கறிஞரிடம் ஆலோசிக்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் காவலில் வைக்க நடுவரின் உத்தரவு வேண்டும். பிடிக்கிற அதிகாரம் காவல்துறையிடம், பிடித்து வைக்கிற அதிகாரம் நீதித்துறையிடம் என்ற பிரிவினை இங்கேதான் தொடங்குகிறது.

24 மணி நேரக் கெடு 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. அப்படியிருந்தும் 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இதை அரசமைப்புக்குள் கொண்டுவந்தார். சாதாரணச் சட்டத்தில் இருப்பதைச் சட்டமன்றம் நாளையே எடுத்துவிடலாம், அடிப்படை உரிமையாக்கிவிட்டால் அது எளிதல்ல என்பது அவர் சொன்ன காரணம். அதன் பயனை இன்று பார்க்கிறோம். 1898 சட்டத்துக்குப் பதிலாக வந்த 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் முழுவதும் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. பல பிரிவுகள் மாறின. 24 மணி நேரக் கெடு அதன் 58-வது பிரிவில் அப்படியே இருக்கிறது.

இனி நடைமுறை. ஒருவரைப் பிடித்ததுமே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை, அழைத்துப் போன மணி, இடம், வந்தவர்கள், வண்டி எண் ஆகியவற்றை எழுதி வைப்பது. சட்டப்படி கைது என்பது நடமாடும் சுதந்திரம் பறிபோன நொடியில் தொடங்குகிறது, பதிவேட்டில் எழுதிய நொடியில் அல்ல. முன்பெல்லாம் வீட்டார் உடனே நடுவருக்கும் மேலதிகாரிகளுக்கும் தந்தி கொடுப்பார்கள். அதில் விழும் தபால் முத்திரைதான் நேரத்துக்குச் சாட்சி. 2013-ல் தந்தி நின்றுபோன பிறகு அந்த வேலையை மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் செய்கின்றன. காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும் இரண்டு வரி போதும். மணி ஏறுவதற்கு முன் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நிலையத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கைது செய்ததும் அரெஸ்ட் மெமோ, அதாவது கைதுக் குறிப்பு, தயாரிக்க வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு இது. நேரம் எழுதாத மெமோவில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

காரணத்தைச் சொல்வது பற்றி 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். உடனே தர இயலாத சூழலில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு (காவலில் வைக்க நடுவர் தரும் உத்தரவுக்கு) ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். பிரிவு எண்களை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அது காரணம் ஆகாது. இவர் என்ன செய்தார் என்கிற விவரம் வேண்டும்.

அடுத்தது ரிமாண்ட். எல்லாம் கோட்டை விடப்படுவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமையானாலும் பண்டிகையானாலும் கெடு நிற்காது. நடுவரின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். "அடித்தார்களா? காயம் உண்டா? வீட்டுக்குத் தகவல் போனதா?" என்று நடுவர் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் காவலரைப் பார்த்துப் பயந்து "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் பதிவானால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வலி இருந்தால் வலி என்று சொல்லுங்கள், பிடித்த உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட பிறகுதான் இறந்தார்கள். ரிமாண்ட் வெறும் கையெழுத்துச் சடங்காகிவிட்டால் 22-வது பிரிவு வெறும் காகிதம்தான்.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்றால் காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், நடுவரிடமே நேராகவும் கேட்கலாம்.

24 மணி நேரம் கடந்தும் ஆஜர்படுத்தவில்லை என்றால் உயர்நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-வது பிரிவின்கீழ் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு. உறவினரோ நண்பரோ போடலாம். ஆனால் நடுவர் ரிமாண்ட் செய்துவிட்ட பிறகு இந்த மனு பெரும்பாலும் நிற்பதில்லை. அதனால் தாமதிக்கக் கூடாது.

ரிமாண்டுக்குப் பிறகும் ஒரு கணக்கு ஓடுகிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கக்கூடிய குற்றமானால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். கேட்காமல் கிடைக்காது என்பதுதான் சிக்கல். 61-வது நாள் காலையில் மனு தயாராக இல்லாமல், மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று.

இவ்வளவு பாதுகாப்பு தரும் அதே 22-வது பிரிவு, தடுப்புக் காவலில் (இனி குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பதில்) உள்ளவருக்கு 24 மணி நேரக் கெடுவும் வழக்கறிஞர் உரிமையும் இல்லை என்கிறது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று சொல்லப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம் இந்த வழியில்தான் இயங்குகிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ உத்தரவிட்டால் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். ஏற்கெனவே உள்ள வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் வெளியே வர முடியாது. தண்டனை இல்லாமலே ஓராண்டு சிறை என்பது குடியரசுக்குப் பொருந்தாத அதிகாரம் என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் அதற்குள்ளும் கெடுக்கள் உண்டு: 5 நாளில் காரணங்களைத் தர வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்தில் காவல் தேவையா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும், காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும்.

ஆகவே காவல் உத்தரவோடு தரும் ஆவணக் கட்டு கைக்கு வந்த அன்றே பக்கம் பக்கமாகப் பாருங்கள். எழுத்து தெரியாத நகல், விடுபட்ட பக்கம், மொழிபெயர்க்காத ஆங்கில உத்தரவு எது இருந்தாலும் குறித்துக்கொண்டு அரசுக்கு முறையீடு அனுப்புங்கள், அனுப்பிய தேதிக்கு ரசீது வைத்திருங்கள். முறையீட்டின் மேல் அரசு விளக்கமில்லாமல் தாமதித்தால் அதுவே காவலை ரத்து செய்யப் போதும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்கு ரிமாண்ட் உத்தரவை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக, 1999-ல் உச்சநீதிமன்றம் அவருடைய குண்டர் சட்டக் காவலை ரத்து செய்திருக்கிறது.