‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ என்னும் பாதி விதி

நடுநிலைப் பள்ளி மாணவர்களின் விடைத்தாள்களில் −8 − 5 = 13 என்ற வரியைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அண்மையில் திருத்திய கட்டில் அது தாளுக்குத் தாள் வந்ததால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம் கேட்டால், ‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ என்று மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். இந்த அரைகுறைச் சூத்திரத்தை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் பெரியவர்கள்தாம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டுமே உரியது. −8 − 5 என்பதில் எதுவும் பெருக்கப்படவில்லை. எண்கோட்டில் −8 என்ற இடத்திலிருந்து இடப்புறமாக மேலும் 5 அலகு நகர்ந்தால் −13ஐத்தான் அடைவோம். பூச்சியத்தைத் தாண்டி வலப்புறம் போக வழியே இல்லை. அந்தச் சூத்திரத்தின் மறுபாதியான ‘ப்ளஸும் மைனஸும் மைனஸ்’ இதைவிட ஆபத்தானது. −8 + 5 என்ற கணக்கில் 8இலிருந்து 5ஐக் கழித்து முன்னால் மைனஸ் போடும் மாணவருக்கு −3 என்ற சரியான விடையே கிடைத்துவிடுகிறது. ஆசிரியரும் மதிப்பெண் போட்டுவிடுகிறார். அதே மாணவர் −5 + 8 என்பதற்கும் −3 என்று எழுதும்போதுதான், முந்தைய விடை தற்செயலாகச் சரியானது என்பது வெளிப்படுகிறது.

இரண்டு குறை எண்களின் பெருக்கற்பலன் ஏன் மிகை எண்ணாகிறது என்பதை ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். (−3) × 2 = −6, (−3) × 1 = −3, (−3) × 0 = 0 என்று எழுதிப் பாருங்கள்: பெருக்கும் எண் ஒன்று குறையும்போதெல்லாம் விடை 3 கூடுகிறது. ஆகவே அடுத்த வரியில் (−3) × (−1) என்பது 3 ஆகத்தான் இருக்க முடியும். அடைப்புக்குள் உள்ள ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டலாம் என்னும் பங்கீட்டுப் பண்பும் இதையே வற்புறுத்துகிறது. 5 + (−5) பூச்சியம் என்பதால் (−3) × [5 + (−5)] என்பதும் பூச்சியம்; அதில் (−3) × 5 = −15 என்றால், (−3) × (−5) என்பது 15 ஆகாமல் கூட்டுத்தொகை பூச்சியமாகாது. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் இந்தக் குறி விதிகளை எழுதியபோது கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் தனித்தனி விதிகளே தந்தார். இரண்டு குறை எண்களின் கூட்டுத்தொகை குறை எண், அவற்றின் பெருக்கற்பலன் மிகை எண் என்ற வேறுபாடு அங்கேயே தெளிவாக இருக்கிறது.

வகுத்தலுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. −4ஐ எதனால் பெருக்கினால் −20 வரும் என்று கேட்டால் (−20) ÷ (−4) = 5 என்பது தானே கிடைக்கும். 0 ÷ (−4) பூச்சியம். (−4) ÷ 0 வரையறுக்கப்படாதது. இவ்விரண்டையும் குழப்ப விடாதீர்கள்.

குறியை முதலில் முடிவு செய்யுங்கள், எண்ணைப் பிறகு பெருக்குங்கள். பூச்சியமில்லாத பல எண்களைப் பெருக்கும்போது குறை எண்களை எண்ணிப் பாருங்கள்: அவை ஒற்றைப்படையாக இருந்தால் விடை குறை எண், இரட்டைப்படையாக இருந்தால் மிகை எண். அடைப்புக்குறியைச் சோம்பலால் விடவே கூடாது. (−3)² என்பது 9, −3² என்பது −9.

ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்வது இதுதான்: பெருக்கல் கணக்குகளை மட்டும் ஒரு பக்கம் முழுவதும் தராதீர்கள். (−6) × (−2), −6 − 2, (−6) ÷ (−2), −6 − (−2) ஆகிய நான்கையும் அடுத்தடுத்துக் கொடுத்து, விடை எழுதும் முன் ஒவ்வொன்றிலும் நடப்பது என்ன செயல் என்று குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். 12, −8, 3, −4 என்ற விடைகள் வந்தாலும், எப்படி வந்தன என்று தயவுசெய்து கேளுங்கள்.