ஊசியாகப் போட்டால் வயிறு தப்புமா?

"அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. அதையே ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிறு தப்பித்துவிடும்தானே?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்பிக்காது. ஏன் என்பது இந்த மருந்துகள் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். வீங்கிய மூட்டில் செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கழன்று வரும். காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும். வலி, வீக்கம், சூடு மூன்றிலும் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து காக்ஸை முடக்கும். ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1982-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. காக்ஸ் நொதி செல்லுக்குள் இருக்கும் ஒரு சவ்வில் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் அடிப்பகுதியிலிருந்து உள்ளே ஒரு குறுகிய சுரங்கம் போகிறது. நீளம் சுமார் இரண்டரை நானோமீட்டர். வாய் சவ்வுக்குள்ளேயே திறப்பதால், எண்ணெய்த் தன்மையுள்ள அராக்கிடோனிக் அமிலம் தண்ணீரில் தலைகாட்டாமலே நேராக உள்ளே நுழைந்து, கடைக்கோடியில் வேதிமாற்றம் அடைகிறது. வலி மாத்திரைகள் இந்தச் சுரங்கத்துக்குள் போய் வழியை அடைத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான்.

காக்ஸில் இரண்டு வகை. காக்ஸ்-1 பெரும்பாலான திசுக்களில் எப்போதும் இருந்து அன்றாட வேலை பார்ப்பது. காக்ஸ்-2 முக்கியமாக அழற்சி வரும்போது பெருகுவது. இரண்டின் சுரங்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 523-ஆம் இடத்தில் முதலாவதில் ஐசோலூசின், இரண்டாவதில் வேலின். இந்த இரு அமினோ அமிலங்களுக்கும் வித்தியாசம் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். வேலின் அந்தத் துளி அளவு சிறியதாக இருப்பதால் காக்ஸ்-2 சுரங்கத்தின் சுவரில் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை திறந்துகொள்கிறது. செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவற்றின் ஒரு கை அந்த அறைக்குள் போய் உட்காரும். காக்ஸ்-1-ல் ஐசோலூசின் குறுக்கே நிற்பதால் சரியாக உட்கார முடியாது. சந்தேகம் தீர, காக்ஸ்-2-ல் அந்த ஒரு வேலினை மட்டும் ஐசோலூசினாக மாற்றிப் பார்த்தார்கள். இவ்வகை மருந்துகள் அதன்மேல் பெருமளவு பலமிழந்துவிட்டன. சுமார் அறுநூறு அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒன்றே ஒன்று!

இந்தச் சுரங்கத்தின் படம் முதலில் 1994-ல் கிடைத்தது, செம்மறிக் கடாவின் விந்துப்பையிலிருந்து பிரித்தெடுத்த நொதியை வைத்து. "கடாவின் விந்துப்பையை ஆராயப் போகிறேன்" என்று இன்று ஒருவர் நிதி கேட்டால், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வந்துவிடும் என்பது என் ஆதங்கம்.

சரி, வயிற்றுக்கு வருவோம். இரைப்பையின் உட்சுவரைச் சொந்த அமிலத்திலிருந்து காப்பது கோழைப் படலம், பைகார்பனேட், நல்ல ரத்த ஓட்டம். மூன்றையும் பேணுவது காக்ஸ்-1 தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின். மாத்திரை இரைப்பைச் சுவரில் நேராகப் பட்டு எரிச்சல் தருவது சின்ன விஷயம். ரத்தத்தின் வழியே போய் அந்தக் காவலை நிறுத்துவதுதான் பெரிய விஷயம். ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும் மருந்து ரத்தத்துக்குத்தானே போகிறது? சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது எரிச்சலைக் குறைக்கலாம், புண்ணைத் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. டாக்டர் கூடவே ஓமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை எழுதுவது இதற்காகத்தான். "கேஸ் மாத்திரைதானே" என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: இந்தப் புண் பல சமயம் வலிக்காது. முதல் அறிகுறியே தார் போன்ற கறுப்பு மலமாகவோ ரத்த வாந்தியாகவோ இருக்கலாம். அப்படியானால் உடனே மருத்துவமனைதான். மூட்டின் மேல் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. முழங்காலுக்கும் கைவிரல்களுக்கும் முதலில் அதை முயலலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் காக்ஸ்-2-ஐ மட்டும் அடைக்கும் மருந்து போதுமே என்று தோன்றும். வயிற்றுக்கு அது மேல்தான். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் ரத்தம் உறையாமல் காக்கும் புரோஸ்டாசைக்ளினைத் தயாரிப்பதில் காக்ஸ்-2-க்குப் பங்கு உண்டு. அது குறைந்து, காக்ஸ்-1 நடத்தும், உறைய வைக்கும் பக்கம் மட்டும் அப்படியே ஓடினால் மாரடைப்பு அபாயம் கூடும். இந்த வகை மருந்தான ரோஃபிகாக்சிப் 2004-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது இதனால். பழைய மாத்திரைகளும், ஆஸ்பிரின் தவிர, இந்த அபாயத்திலிருந்து முழுசாகத் தப்பவில்லை.

இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆஸ்பிரின் அதே சுரங்கத்துக்குள் போய், சுவரில் ஒரு அசிட்டைல் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிட்டு வரும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது. அதனால் தட்டணுவின் ஆயுள் முழுக்க அந்தப் பலன் நிற்கும். ஆனால் இபுபுரூஃபென் முந்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. அது எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எதை முதலில், எவ்வளவு இடைவெளியில் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சிறுநீரகமும் இந்தப் புரோஸ்டாகிளாண்டின்களை நம்புகிறது, அதுவும் உடலில் நீர் குறையும்போது. பிரஷர் மாத்திரை சிலவற்றோடும், நீர் பிரியும் மாத்திரையோடும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். கால் வீங்கினாலும் சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, கேட்காமல் தொடவே கூடாது.

அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். ஒரு டாக்டர் முதுகுக்கு எழுதியதும் இன்னொருவர் முழங்காலுக்கு எழுதியதும் வேறு வேறு பெயரில் ஒரே குடும்பத்து மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, புண் மட்டும் கூடும். வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். அதற்குமேல் தேவைப்பட்டால் டாக்டரைத் திரும்பப் பாருங்கள். ருமட்டாய்டு மூட்டுவாதமாக இருந்தால் மூட்டு அரிக்கப்பட்டுச் சிதைவதை இந்த மாத்திரைகள் நிறுத்தாது. அதற்கு மீதோட்ரெக்சேட் போன்ற வேறு வகை மருந்து வேண்டும்.

அப்புறம், "மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது" என்று விற்கும் மூட்டுவலித் தூள்கள். இப்படி விற்ற சிலவற்றைச் சோதித்தபோது உள்ளே டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் சிக்கியிருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் அது தனி ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.