தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய குழந்தையின் உடல் வெப்பம் 34.6 டிகிரி செல்சியஸ். எடை 1,380 கிராம். கம்பளி சுற்றித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தலை ஈரம் சரியாகத் துடைக்கப்படவில்லை, தொப்பியும் இல்லை. பாதங்கள் சில்லிட்டிருந்தன. 36.5க்குக் கீழே இறங்கினாலே எங்களுக்குப் பதற்றம்தான். குளிர்ந்த குழந்தை பால் குடிக்காது, இரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும்.

"அம்மா எங்கே?" என்று கேட்டேன். குழந்தையை அனுப்பிய கிளினிக்கிலேயே இருக்கிறார், இங்கே அவருக்குக் கட்டில் இல்லையாம் என்றார்கள். மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார், மார்பில் பால் கட்டி, காய்ச்சலோடு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 2022இல் மட்டும் உலகில் பிறந்த ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 23 லட்சம் குழந்தைகள் இறந்தன. குறைப்பிரசவமும் பிறக்கும்போது நேரும் மூச்சுத்திணறலும் கிருமித்தொற்றுமே முக்கியக் காரணங்கள். தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம். அப்படியிருந்தும் கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வரும் அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைகளைக் குளிருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் தொடங்கியதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், மூக்கு அமுங்கக் கூடாது. உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருந்துதான் முன்பெல்லாம் இதைத் தொடங்குவோம். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. காத்திராமல் பிறந்தவுடனேயே தொடங்கியபோது, 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. இதற்கு முதல் தேவை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கு ஒரு கட்டில். கட்டடம் கட்டும்போதே அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் பிறகு எப்போதும் இடம் கிடைப்பதில்லை.

டர்பனில் நம்மவர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் நம் ஆயாக்களுக்கு, அதாவது பாட்டிமார்களுக்கு, ஒரு வார்த்தை. பிறந்த அன்றே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம். குறைந்தது ஒரு நாள் பொறுங்கள், எடை குறைந்த குழந்தைக்கு நாங்கள் சொல்லும்வரை பொறுங்கள். தாய் களைத்திருந்தால் அப்பாவின் மார்பும் ஆகும், உங்கள் மார்பும் ஆகும். எங்கள் வார்டில் ஒரு ஆயா தம் பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டுத்துணி தயாரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜூலு கோகோவுக்கும் (ஜூலு மொழியில் பாட்டி) ஒன்று கொடுத்தார்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், ஆறாம் மாதத்திலேயே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்: குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், தாயையும் கூடவே அனுப்புவார்களா? சிலருக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிடுகிறது.