ஈ.டி. என்னும் ஆவிப்போக்கு

ஈ.டி. என்றதும் அமலாக்கத் துறை நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. பயிர் வைப்பவர்களின் ஈ.டி. வேறு. வானிலைச் செயலியில் 'இன்றைய ஈ.டி. 5 மி.மீ.' என்று வருகிறதே, அதுதான். இவாப்போட்ரான்ஸ்பிரேஷன் என்ற நீளப் பெயரின் சுருக்கம். வயலிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போனது என்பதை, மழையை அளப்பதுபோலவே மில்லிமீட்டரில் சொல்வது.

பெயர் இரண்டு சொற்களின் ஒட்டு. இலத்தீனில் 'வேப்பொர்' என்றால் ஆவி. அதிலிருந்து வந்த இவாப்பரேஷன், மண்ணின் ஈரம் நேரே காற்றில் கலப்பதைக் குறிக்கும். 'டிரான்ஸ்' என்றால் ஊடே, 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். இவை சேர்ந்த டிரான்ஸ்பிரேஷன், வேர் உறிஞ்சிய நீர் இலைத்துளை வழியே வெளியேறுவது. அமெரிக்கக் காலநிலை அறிஞர் தார்ண்த்வெயிட் 1940களில் எழுதியவற்றால் இந்த ஒட்டுச்சொல் பரவியது. வயலில் நின்றுகொண்டு இரண்டையும் தனித்தனியே அளப்பது பெரும்பாடு என்பதால் ஒட்டு தேவைப்பட்டது. பயிர் நாற்றாக இருக்கும்போது பெரும்பகுதி மண்ணிலிருந்து போகும். இலை மூடி நிழல் கட்டிய பிறகு பெரும்பகுதி செடி வழியே போகும். தண்ணீர் விடுபவருக்கு வேண்டியது இரண்டின் கூட்டுத்தொகை.

தமிழில் இதற்கு என்ன பெயர்? டிரான்ஸ்பிரேஷனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நீராவிப்போக்கு' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'ஆவியுயிர்ப்பு' என்கின்றன. உயிர்ப்பு என்றால் மூச்சு. இலத்தீன் மூலத்துக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறில்லை. அழகில் என் வாக்கு இதற்கே. ஆனால் இரண்டும் செடியின் பங்கை மட்டுமே சொல்பவை. மொத்தத்துக்கும் 'நீராவிப்போக்கு' என்றே எழுதிவிட்டால் மண்ணின் பங்கு விட்டுப்போகிறது. 'ஆவியாதல் மற்றும் நீராவிப்போக்கு' என்பது பிழையில்லை, ஆனால் பேச்சில் நிற்காது. 'நீரிழப்பு' எனக்கு ஒப்பவில்லை. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், பயிர் வளரும். அதே வாசல் வழியே நீர் போவதைத் தடுக்க முடியாது. அதை இழப்புக் கணக்கில் எழுதுவது, வேலையாளின் சாப்பாட்டை வீண்செலவு என்பதுபோல. மண்ணிலிருந்து போவதைத்தான் வைக்கோல், சருகு பரப்பி மூடாக்குப் போட்டுக் குறைக்கலாம். எனவே மொத்தத்துக்கு 'ஆவிப்போக்கு'. பிரித்துச் சொல்லும்போது 'மண் ஆவிப்போக்கு', 'பயிர் ஆவிப்போக்கு'. இதுவே என் பரிந்துரை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான கதை. 1948இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இயற்பியலாளர் பென்மன், வெயில், வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் வைத்தே ஆவிப்போக்கைக் கணிக்க ஒரு சமன்பாடு தந்தார். 1965இல் பிரிட்டன் இயற்பியலாளர் மான்டீத், இலைத்துளை காட்டும் தடையையும் அதில் சேர்த்தார். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் கையேடு இதை உலகப் பொதுமுறை ஆக்கியது. அதில் அளவுகோல் ஒரு கற்பனைப் புல்வெளி: 12 செ.மீ. உயரம், தரை தெரியாத அடர்த்தி, தண்ணீருக்குக் குறைவில்லை. அந்தப் புல் அன்றைக்கு விடும் ஆவியே 'ஒப்பு ஆவிப்போக்கு'. செயலியில் வருவது பெரும்பாலும் இதுதான். அந்தப் புல்லைப்போல் எத்தனை மடங்கு ஆவியை நம் பயிர் அந்தப் பருவத்தில் விடும் என்று சொல்லும் எண் 'பயிர்க் குணகம்'. அதனால் பெருக்கினால் நம் பயிரின் தேவை கிடைக்கும்.

வெயிலை மட்டும் பார்த்துத் தண்ணீர் விடுபவர்கள் ஏமாறுவது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் கோவை, உடுமலைப் பக்கம் வானம் மூட்டமாக இருக்கும், உடம்புக்கும் இதமாக இருக்கும். பாத்தியோ வறண்டுகொண்டே போகும். இலையைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்றை வீசும் காற்று அள்ளிக்கொண்டு போவதால் அடுத்த ஆவிக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்ப்போம். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். ஒப்பு ஆவிப்போக்கு 5 மி.மீ. முதல் பயிரில் இலை நன்றாக மூடிய பருவத்தில் குணகம் 1.1. ஆக 5.5 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது சரியாக 1 லிட்டர். எனவே மரத்துக்கு நாளுக்கு 18 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் இரண்டு இருந்தால் மோட்டார் இரண்டே கால் மணி நேரம் ஓட வேண்டும். அதே தோட்டத்தில் கன்று வைத்த புதிதில் குணகம் 0.5தான், பாதி நேரம்கூட வேண்டாம். அடைப்பு, கசிவுக்கு எனக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

செயலி இல்லாத காலத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. ஆவிமானித் தொட்டியில், அதாவது வெட்டவெளியில் நீர் நிரப்பி வைத்த திறந்த தொட்டியில், தினமும் குறையும் நீரை மி.மீ. கணக்கில் கூட்டி வருவார்கள். விடும் நீருக்கும் அந்தக் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதம் 0.75 என வைத்தால், தொட்டியில் 67 மி.மீ. குறைந்ததும் வயலுக்கு 50 மி.மீ. விட வேண்டும்.

நெல்லுக்கு மட்டும் இந்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. தேங்கிய நீர் கீழே இறங்குவதை ஆவிப்போக்கு கணக்கில் கொள்வதில்லை. மணற்பாங்கான வயலில் அதுவே பெரிய செலவாகிவிடும்.