எதேச்சையும் தற்செயலும் ஒன்றல்ல

'காட்பாடி ரயில் நிலையத்தில் எதேச்சையாகச் சந்தித்தோம்', 'எதேச்சையாகக் கை பட்டுவிட்டது' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அண்மையில் ஒரு கட்டுரையில், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் 'எதேச்சையாகக் கிளர்ந்தெழுந்தார்கள்' என்று படித்தேன். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

யதா, இச்சை இரண்டும் சேர்ந்த வடசொல் யதேச்சை; தமிழில் எதேச்சை. பொருள், 'தன் விருப்பப்படி'. யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஆளுகிறவனை எதேச்சதிகாரி என்கிறோமே, அதே எதேச்சைதான்.

விருப்பத்தைச் சொல்லும் சொல்லை, யாரும் விரும்பாமல் நடந்ததற்குப் போட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? சிப்பாய்கள் தாங்களாகத் துணிந்து எழுந்தார்களா, ஏதோ நடந்துவிட்டதா? நெற்றிக்குறியும் தாடியும் கூடாது, புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. அதற்குப் பிறகு, விடியுமுன் வெள்ளைப் படையினர் தூங்கிய இடத்தைத் தாக்கினார்கள். இது வேண்டுமென்றே செய்த காரியம். தற்செயல் என்று படும்படி எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

'புழக்கத்தில் வந்துவிட்டது, விடுங்கள்' என்பார்கள். சொற்களின் பொருள் மாறும், சரி. ஆனால் பழைய பொருள் எதேச்சதிகாரத்தில் உயிரோடு இருக்கும்போதே நேர் எதிர்ப்பொருளையும் அதே சொல்லுக்குக் கொடுப்பது குழப்பம்தான். அதுவும் தற்செயல் என்ற தெளிவான சொல் கையில் இருக்கும்போது! தன் + செயல்: யாரும் நினைத்துச் செய்யாமல், தானாக நேர்ந்தது. தெருவில் விளையாடும் பிள்ளைகள்கூட 'வேணும்னே தள்ளினான்', 'தெரியாம பட்டுடுச்சு' என்று சரியாகப் பிரிக்கிறார்கள்.

தற்செயலையும் கண்டபடி இறைக்கக் கூடாது. போனில் பேசிக்கொண்டே ஓட்டி, வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஸ்கூட்டரை இடித்தால் அது தற்செயலும் இல்லை, வேண்டுமென்றே செய்ததும் இல்லை; கவனக்குறைவு. சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. உரிய கவனத்தோடு முறையான செயலைச் செய்யும்போது நேரும் விபத்து, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவின்படி குற்றமாகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 106-ஆம் பிரிவு; பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ.

குழப்பம் எதேச்சையோடு நிற்கவில்லை; மொழிபெயர்ப்பாளர்கள் தன்னிச்சையையும் விடவில்லை. 'கதவு தன்னிச்சையாக மூடிக்கொள்ளும்' என்கிறார்கள். கதவுக்கு ஏது இச்சை? 'தானாக' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?