பார்வை போன ஒரு கண்ணுக்கு 30 சதவீதக் குறைபாடுதான்

பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டும்போது தோகை கண்ணைக் கீறிவிடும். களத்தில் ராகி அடிக்கும்போது உமி தெறிக்கும். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் கல்தூள். "தூசிதானே" என்று முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து நீர் வடியும், வெளிச்சம் பட்டாலே கூசும், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். கீறல் வழியாக பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே போய்விட்டது. இதைத்தான் கருவிழிப் புண் என்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே சிகிச்சை இலவசம், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் முதல் வேலை. பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு வேறு மருந்து. பாக்டீரியா என்றால் மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்ற சொட்டு மருந்து. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு முறை, ராத்திரியிலும் விடாமல். வீட்டில் இது நடக்காது என்று தோன்றினால் ஆஸ்பத்திரியிலேயே தங்கிச் சிகிச்சை பெறக் கேளுங்கள்.

மெடிக்கலில் நாமாகச் சொட்டு மருந்து வாங்குவதுதான் பெரிய ஆபத்து. அது ஸ்டீராய்டாக, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்தாக இருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். போட்டதும் சிவப்பு குறையும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். பூஞ்சையாக இருந்தால் உள்ளே புண் பரவிக்கொண்டிருக்கும். பாக்டீரியா புண்ணுக்காவது அது உதவுமா என்று 500 பேரிடம் சோதித்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டு அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். முடிவு 2012-இல் வந்தது: ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்தும், 3 மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை.

பாக்டீரியா புண் பெரும்பாலும் மருந்திலேயே ஆறிவிடும். ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். நம் ஊரில் கண்ணில் பூ விழுந்தது என்பது இதைத்தான். ஓரத்தில் சின்னதாக இருந்தால் பாதகமில்லை. கண் பாப்பாவுக்கு நேராக விழுந்தால் பார்வை மங்கிவிடும். புண் சின்னதாக இருக்கும்போதே போய்விட வேண்டும் என்பது இதனால்தான்.

புண் ஓட்டையாகி அறுவை சிகிச்சை வரை போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, அப்புறம் ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையம்.

சரி, பார்வை போயே விட்டால்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி அரசு வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். ஒரு கண் முழுதும் போய் மற்றது நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதம்தான் போடுவார்கள். கரும்பு வெட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு நியாயமாகப் படாது, எனக்கும்தான். கண்ணாடி போட்ட பிறகும் மற்றக் கண் மங்கலாகவே இருந்தால் சதவீதம் கூடும். அதனால் சான்றிதழுக்குப் போகும்போது இரண்டு கண்ணையும் பரிசோதித்து எழுதச் சொல்லுங்கள்.