றக்பி யூனியன்: அமைப்பின் பெயரா, ஆட்டத்தின் பெயரா?

‘கண்டியில் றக்பி ஒன்றியத்தின் வளர்ச்சி’ என்ற வகைத் தொடர்கள் மொழிபெயர்ப்புகளில் பெருகி வருகின்றன. இதைப் படிப்பவர், கண்டியில் ஒரு சங்கம் இருந்தது, அதற்கு உறுப்பினர் சேர்ந்தனர், கட்டடம் எழுந்தது என்றே விளங்கிக்கொள்வார். சொல்ல வந்ததோ ‘றக்பி யூனியன்’ என்னும் ஆட்டம் அந்த நகரில் வேரூன்றிய வரலாறு; ஆட்டப் பெயரிலுள்ள ‘யூனியன்’ அங்கே ‘ஒன்றியம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது.

றக்பி என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர். அவ்வூர்ப் பாடசாலையின் விதிகளிலிருந்து வளர்ந்ததால் ஆட்டத்துக்கும் அதே பெயர். 1871இல் இலண்டனில் 21 கழகங்கள் கூடி நிறுவிய ஆட்சி அமைப்புதான் ‘யூனியன்’. ஆடுவதற்காக வேலைக் கூலியை இழந்த தொழிலாளருக்கு ஈடு கொடுக்கலாமா என்ற பூசலில், 1895இல் வடஇங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்தன. பிரிந்தவர்களின் ஆட்டம் பின்னர் 13 பேர் ஆடும் ‘லீக்’ ஆயிற்று. பழைய அமைப்பின் விதிப்படி 15 பேர் ஆடுவது ‘யூனியன்’ எனப்பட்டது.

ஒன்றியம் நல்ல தமிழ்ச் சொல்தான். ஐரோப்பிய ஒன்றியம், மாணவர் ஒன்றியம், தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியம் என எங்கும் அது அமைப்பையே குறிக்கிறது. 1908இல் இலங்கையில் தோன்றிய றக்பி ஆட்சி அமைப்பை ஒன்றியம் என்றால் முழுக்கப் பொருந்தும். ஆனால் கண்டியின் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியது அதற்கு ஈராண்டு முன்னர், 1906இல். அப்படியிருக்க, கண்டியில் வளர்ந்தது ஒன்றியம் என்று எப்படி எழுதுவது? ‘சொல் புதிது, பழகிவிடும்’ என்று இதை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். புதிய சொல் பழகும். வேறொரு பொருளில் ஏற்கெனவே ஊறிய சொல்லைப் பிடுங்கி நட்டால் குழப்பமே பழகும். ‘மாணவர்கள் ஒன்றியம் ஆடினர்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்திருந்தாலே பிழை புலப்பட்டிருக்கும். அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை ஒட்டிவிட்டு, வாக்கியத்தை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காத அவசரமே இன்றைய மொழிபெயர்ப்பின் நோய்.

‘லீக்’ என்ற சொல்லும் இலங்கையில் இடறுகிறது. அங்கே கழகங்களின் லீக் தொடர் என்பது 15 பேர் ஆடும் போட்டித் தொடர். கண்டியின் நித்தவெலைத் திடலில் ஆடும் கண்டி விளையாட்டுக் கழகம் லீக்கை வென்றது என்றால், அது வென்றது யூனியன் ஆட்டத்தில்.

வழி ஏற்கெனவே நம் வழக்கில் இருக்கிறது. ஏழு பேர் ஆடுவதை விளையாட்டுச் செய்தியாளர்கள் ‘எழுவர் றக்பி’ என்று இயல்பாக எழுதுகிறார்கள். அதே முறையில் யூனியனைப் பதினைவர் றக்பி என்றும், லீக்கைப் பதின்மூவர் றக்பி என்றும் வழங்கலாம். றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ஆடிவருவது பதினைவர் றக்பி. வரலாற்றுக் கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘யூனியன் எனப்படும் பதினைவர் றக்பி’ என்று எழுதிவிட்டு, ஒன்றியத்தை அமைப்புக்கே விட்டுவிட வேண்டும்.